சிறுகோட்டுக்குப் பின்னால் ஓர் எண்

ஏட்டில் உள்ள சொல்லைப் பிழையென்று கருதிப் பதிப்பாசிரியர் திருத்துவதுண்டு. பாடபேதத்தை அடிக்குறிப்பில் காட்டினால் அது பதிப்பு. காட்டாமல் விட்டால் இடைச்செருகல். இந்த வேறுபாட்டை இலக்கியவாதிகளைவிட மென்பொருளாளர்கள் கறாராகப் பேணுகிறார்கள் என்று சொல்ல எங்களுக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

1993-இல் தொடங்கிய டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்தில், நிரல்களை எழுதுவோர் வேறு. அவற்றைப் பொதிகளாகக் கட்டித் தருவோர் வேறு. பொதியின் எண்ணே இதைச் சொல்லிவிடும். 0.9.8சி-1 என்றிருந்தால், சிறுகோட்டுக்கு முன்னால் இருப்பது ஆசிரியர் இட்டது; பின்னால் இருப்பது பொதியாளர் இட்டது. பொதியாளர் கைவைத்தால் பின்னெண் மட்டுமே ஏறும். மூலநிரலும் அவர் செய்த மாற்றங்களும் பெரும்பாலும் தனித்தனிக் கோப்புகளாகவே கிடைக்கும்.

மேற்சொன்ன எண்ணை நாங்கள் சும்மா எடுக்கவில்லை. இணைய மறையாக்கத்துக்குப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியின் எண் அது. பிழைதேடும் கருவியொன்று குறைகூறிய வரிகளைத் தேவையற்றவை என எண்ணிப் பொதியாளர் நீக்கினார். மூல ஆசிரியர் குழுவிடம் முன்கூட்டிக் கேட்டும் இருந்தார். அசட்டையானவர் என்று அவரை ஏச எங்களுக்கு மனமில்லை. ஆனால் சாவிகள் எவராலும் ஊகிக்க முடியாதவையாக அமைவதற்குக் காரணமே அந்த வரிகள்தாம். எண்ணிலடங்காதிருக்க வேண்டிய சாவிகள் ஒவ்வொரு வகையிலும் ஏறத்தாழ 33,000-க்குள் சுருங்கின. அத்தனையையும் ஒருவர் வீட்டுக் கணினியிலேயே முயன்று பார்த்துவிடலாம். 2006 செப்டம்பர் 17 அன்று நுழைந்த பிழை, 2008 மே மாதத்தில்தான் வெளிப்பட்டது.

எண் பிழையைத் தடுக்கவில்லை, உண்மைதான். ஆயினும் டெபியனின் அறிவிப்பைப் பாருங்கள்: தவறு மூலநிரலினுடையதன்று, எங்கள் மாற்றத்தினுடையது, 0.9.8சி-1 முதல் பாதிப்பு. இன்ன எண்ணில் திருத்தப்பட்டது. இடையில் உண்டாக்கிய சாவிகளை எறிந்துவிடுங்கள். மழுப்பல் இல்லை. சிறுகோடு இல்லாதிருந்தால் பழி எழுதியவர்மேல் விழுந்திருக்கும், அல்லது யார்மேலும் விழாது போயிருக்கும்.

எங்கள் அலமாரியில் ஒரே நாவலின் இரு பிரதிகள் இருக்கின்றன. இரண்டிலும் 'இரண்டாம் பதிப்பு' என்றே அச்சாகியிருக்கிறது. ஒன்றில் பதினோராம் அத்தியாயத்தின் கடைசிப் பத்தி இல்லை. நீக்கியது ஆசிரியரா, பதிப்பகமா, அச்சுக்கோத்தவரா? கேட்பதற்கு அவர்களில் எவரும் இப்போது இல்லை.