புது சிப்பா... பொறுமையா?

என்ன பாஸ், கம்ப்யூட்டர் ஆமை வேகத்துல நகருதா? 'புது புராசஸர் வேணும்'னு அப்பாகிட்ட மனு போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

வழக்கமான வேலையை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரைத் திறங்க. சி.பி.யூ. 100 சதவிகிதத்துல மூச்சு வாங்குதா? குற்றவாளி புராசஸர்தான். அது சும்மா இருக்க, மெமரியோ டிஸ்க்கோ திணறினா, ரேமும் எஸ்.எஸ்.டி.யும்தான் மருந்து. சிப்பை மாத்தி நயா பைசா பிரயோஜனம் இல்லை!

புராசஸர்தான் வில்லனா? அப்ப மதர்போர்டைப் பாருங்க. 2017-ல் முதல் ரைசனோடு வந்த ஏ.எம்.4 போர்டுகள் பலதுல, பயாஸை அப்டேட் பண்ணினா 5000 வரிசை சிப்பே உட்காரும். (உங்க மாடலுக்கு உண்டானு போர்டு கம்பெனியோட பட்டியல்ல பார்த்துடுங்க.) இந்தக் கட்சின்னா இப்பவே மாத்தலாம். 2025 அக்டோபர்ல விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிஞ்சாச்சு. 1000 வரிசை ரைசன்கள் விண்டோஸ் 11 பட்டியல்லயே இல்லை.

ஆனா, ஏ.எம்.5-க்குத் தாவினா போர்டு புதுசு, டி.டி.ஆர்.5 ரேமும் புதுசு. ஒரு செலவு மூணாகிடும்! 2025 கடைசியில ரேம் விலை எகிறின கதையும் தெரியும்தானே? வேலை ஓடுதுன்னா பொறுங்க, காசு சேருங்க.

'அடுத்த மாடல் வரட்டும்'னு மட்டும் காத்திருக்காதீங்க. அது வந்துக்கிட்டேதான் இருக்கும். ஃபைனல் இயர் புராஜெக்ட் நிஜமாவே சிப்பால நின்னுபோச்சுன்னா, அன்னிக்கு அப்பாகிட்ட தைரியமா கேளுங்க. கையில கணக்கு இருக்கே!