வீட்டைப் பார்க்க வந்தவர் தூணை வாங்கிச் செல்லலாமா?

காரைக்குடிக்கு வரும் சுற்றுலாப் பயணிகளில் பலரும் போகும் வழி ஒன்றுதான். ஆயிரம் ஜன்னல் வீடு, ஆத்தங்குடி பெரிய வீடு, கானாடுகாத்தான் தெருக்கள், மதியம் செட்டிநாட்டுச் சாப்பாடு, மாலையில் பழம்பொருள் கடைகள். நேமத்தான்பட்டி போன்ற ஊர்கள் இந்த வழியில் வருவதில்லை. இத்தகைய ஊர்களில் பல வீடுகள் திருமணத்துக்கும் படைப்புக்கும் மட்டுமே திறக்கப்படுகின்றன. மற்ற நாட்களில் பூட்டுதான் காவல்.

இந்த வீடுகள் எழுந்தது கடல் கடந்த பணத்தில். நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கை எனச் சென்று வட்டித் தொழில் செய்தார்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடனுக்கு ஈடாக, கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அவர்கள் கைக்கு வந்தது. 1942-இல் ஜப்பான் படையெடுத்தது. பின்னர் பர்மிய அரசு நிலங்களை நாட்டுடைமை ஆக்கியது. வருமானம் நின்றது, பெரிய வீடுகளைப் பராமரிக்கும் செலவு மட்டும் நிற்கவில்லை.

இன்று ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் உண்டு. ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். ஓடு மாற்ற வேண்டும் என்றால் அத்தனை பேரும் பணம் போட வேண்டும். இடித்து விற்றால் அத்தனை பேருக்கும் பணம் வரும். பல வீடுகளின் கதை இந்தக் கணக்கில்தான் முடிகிறது. பர்மாத் தேக்குத் தூணும் நிலைக்கதவும் கடைக்கு வருகின்றன. 'செட்டிநாட்டு அழகு' வேண்டும் என்போர் அவற்றை வாங்கித் தங்கள் பங்களாக்களிலும் விடுதிகளிலும் நட்டுக்கொள்கிறார்கள். பார்க்க வந்த அழகை நாமே கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து எடுத்துச் செல்கிறோம் என்பது அப்போது யாருக்கும் உறைப்பதில்லை.

சட்டம் என்ன செய்கிறது? 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், நூறாண்டு கடந்த கலைப்பொருட்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுக்கிறது. சொந்த வீட்டை ஒருவர் இடிப்பதை அது தடுக்காது. தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்ததோ 2024-இல். இடையில் பன்னிரண்டு ஆண்டுகள் போய்விட்டன.

செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. அது வாசற்படி மட்டுமே. உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட, போதிய சட்டப் பாதுகாப்பும் பராமரிப்புத் திட்டமும் இருப்பதைக் காட்ட வேண்டும். தனித்தனி வீடுகளாக மட்டும் பார்த்தால் போதாது. நேரான தெருக்கள், ஊருணிகள், மழைநீரை முற்றத்தில் இறக்கும் கூரை அமைப்பு எல்லாம் சேர்ந்ததுதான் செட்டிநாடு.

இத்தாலியின் வெனிஸ் நகரம் கூட்டம் தாங்காமல், 2024 முதல் குறிப்பிட்ட நாட்களில் ஒருநாள் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. நம் சிற்றூர்களுக்கோ வருவார் இல்லை என்பதே கவலை. சில வீடுகள் தங்கும் விடுதிகளாகி நிலைத்துவிட்டன. ஆனால் அதற்குப் பெருமுதல் வேண்டும். எல்லா வீட்டுக்கும் அது வாய்க்காது. பழுதுபார்க்க மானியம், பங்காளிகள் ஒன்றுகூடி அறக்கட்டளை அமைக்க வழிகாட்டல், பார்வைக் கட்டணத்தில் ஊராட்சிக்கு ஒரு பங்கு என அரசு தொடங்கலாம். சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாருக்கும் ஆத்தங்குடிக் கல் வார்ப்பவருக்கும் அதனால் வேலை கிடைக்கும்.

பயணி செய்யக்கூடியதும் உண்டு. ஒரு நாள் கூடுதலாகத் தங்கலாம். வழக்கமான வழியை விட்டு இன்னொரு ஊருக்கும் போகலாம். பழைய தூணுக்குப் பதில் இன்று வார்த்த கல்லை, இன்று பின்னிய கொட்டானை வாங்கலாம். பழைய தூண் ஒன்று விற்றால் ஒரு வீடு குறைகிறது. புதுக் கொட்டான் ஒன்று விற்றால் ஒரு வீட்டில் அடுப்பு எரிகிறது.

இது நகரத்தாரின் கவலை மட்டும் என்று நாம் ஒதுங்க முடியாது. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நம் முன்னோர் கட்டிய பழைய கற்பள்ளிவாசல்கள் இருக்கின்றன. விரிவாக்கம் என்ற பெயரில் ஒரு பழைய தூணை அகற்ற ஜமாஅத் கூடும்போது, காரைக்குடிக் கடையில் விலைக்கு நிற்கும் தூண்களை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.