முதியோருக்கு வேண்டுவது இல்லமா, வீடா?

முதியோர் இல்லம் தமிழர் பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்ற கூற்று மேடைகளிலும் பட்டிமன்றங்களிலும் சலிப்பின்றி ஒலித்து வருகின்றது. கூட்டுக் குடும்பத்தின் பெருமை பேசப்படுகின்றது. பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைகள் தூற்றப்படுகின்றனர். கரகோஷத்துடன் கூட்டம் கலைகின்றது. தம் அயல்வீட்டு முதியவர் அன்றிரவு யாருடைய துணையுடன் மலசலகூடம் செல்வார் என்று கலைந்து செல்வோருள் எவரேனும் எண்ணிப் பார்ப்பதுண்டா?

யாழ்ப்பாணச் சமூகத்தில் முதுமைக்கான பாதுகாப்புப் பாசத்தின்மீது மட்டும் அமைந்ததன்று, காணியின்மீதும் அமைந்தது. சீதன முறையிலே வீடு மகளுக்கு எழுதப்பட்டது. பெற்றோர் அவ்வீட்டிலேயே அவளுடன் வாழ்ந்து மடிந்தனர். 1983இன் பின்னர் பெருகிய புலப்பெயர்வு இவ்வொழுங்கைக் குலைத்தது. இன்று உறுதி மகளின் பெயரில் இருக்கின்றது. மகளோ ரொறன்ரோவில் இருக்கின்றாள். ஐந்தறை வீட்டின் ஓர் அறையிலே, வாசற்படிக்கும் பின்வளவுக் கிணற்றடிக்கும் அஞ்சியவாறு தாய் தனித்திருக்கின்றாள். மாதந்தோறும் காசு வருகின்றது. வழுக்கி விழுந்தவளைக் காசு தூக்கிவிடுவதில்லை. காணியே இல்லாதோரின் நிலையும், 2009இல் முடிவுற்ற போரிலே பிள்ளைகளைப் பறிகொடுத்தோரின் நிலையும் இதனினும் கொடியன.

முதியோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், பெற்றோரைப் பராமரித்தல் பிள்ளைகளின் கடமை என்கின்றது. பிள்ளைகளற்ற அல்லது பிள்ளைகளாற் கைவிடப்பட்ட வறிய முதியோருக்கு அரசு வதிவிடம் அளிக்கவேண்டும் என்கின்றது. ஆக, பிள்ளை, இன்றேல் இல்லம். சோறு சமைக்க இயலும், நீர் இறைக்க இயலாது. கோயிலுக்கு நடக்க இயலும், இரவிலே தனித்திருக்க இயலாது என்ற நிலையிலுள்ளோர் இவ்விரண்டுக்கும் இடையிலே விடப்பட்டுள்ளனர்.

கைதடி முதியோர் இல்லம் போன்றவை போக்கிடமற்றோர்க்குப் புகலிடமாயின என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. எனினும், எத்துணை அன்புடன் நடத்தப்படினும் இல்லம் என்பது ஒரு நிறுவனமே. உண்ணும் நேரத்தையும் உறங்கும் நேரத்தையும் அங்கு பிறரே விதிக்கின்றனர். தாங்கிப்பிடிக்க ஒரு கை வேண்டியவரிடம், வாழ்வு முழுவதையும் ஒப்படைக்குமாறு கேட்பது எவ்வகையில் நியாயம்?

டென்மார்க் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே பழைய பாணி இல்லங்களைப் புதிதாகக் கட்டுவதைக் கைவிட்டு, சமையலறையும் குளியலறையும் தனித்தனியே கொண்ட முதியோர் வீடுகளை அமைக்கத் தொடங்கியது. சிங்கப்பூர் 2021இல் புக்கிட் பாத்தோக்கில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனோர்க்கென விற்பனைக்கு விட்ட வீடு ஒவ்வொன்றும் 32 சதுர மீற்றர் அளவினதே. பராமரிப்புச் சேவை வீட்டுடன் இணைக்கப்பட்டுள்ளது. இங்கு மாடிக் கட்டடங்கள் வேண்டியதில்லை. சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் அண்மையிலே பத்துச் சிறு வீடுகள், படியில்லா வாசல், வீட்டினுள்ளேயே கைபிடியுடன் கூடிய மலசலகூடம், இரவிலே அழைத்தால் வர ஒருவர், வாரமொருமுறை ஒரு தாதி. திறப்பு முதியவரின் கையில் இருக்கும்.

இதற்குப் பணம் எங்கே என்று வினவுவோர், புலம்பெயர்ந்தோர் நிதியிலே எழும் கோபுரங்களையும் மண்டபங்களையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். மூளாயிலே கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையையே நிறுவிய சமூகத்துக்குப் பத்து வீடுகள் பாரமாகா. பிரதேச சபை காணி ஒதுக்கட்டும்; கூட்டுறவுச் சங்கம் கட்டட்டும்; வசதி படைத்தோர் வாடகை செலுத்தட்டும்; வறியோரின் வாடகையை அரசு ஏற்கட்டும். தருமமாகக் கேட்கப்படுவதன்று இது. உழைத்து ஓய்ந்தோரின் உரிமை.

பண்பாடு கெட்டுவிடும் என அஞ்சுவோர்க்கு ஒன்று கூறலாம். தாயைப் பூட்டிய பெருவீட்டிலே தனியே விட்டுவிட்டுத் தொலைபேசியில் நலம் விசாரிப்பது எந்தப் பண்பாட்டைச் சார்ந்தது? அதற்கு விடை கிடைக்கும்வரை கூட்டுக் குடும்பப் புகழுரைகள் சற்று ஓய்ந்திருத்தல் நன்று.