விசாரணையின்றித் தண்டனையா?

ஒரு நாட்டில் உற்பத்தியாகும் பொருள் அந்நாட்டுச் சந்தையில் விற்கப்படும் விலையிலும் குறைந்த விலைக்கு வேறொரு நாட்டில் கொண்டுவந்து குவிக்கப்படுமாயின், பாதிக்கப்படும் நாடு அதற்கெதிராக மேலதிகத் தீர்வை விதிக்கலாம். அரசாங்க மானியத்தின் பலத்தில் மலிவாக்கப்பட்ட பொருளுக்கும் இது பொருந்தும். சர்வதேச வர்த்தகச் சட்டம் நெடுங்காலமாக ஏற்றுக்கொண்ட உரிமை இது. ஆனால், இவ்வுரிமைக்கு ஒரு நிபந்தனை உண்டு. தீர்வை விதிப்பதற்கு முன்னர் விசாரணை நடத்தப்பட வேண்டும் என்பதே அது. அந்த நிபந்தனை இன்று ஆட்டங்கண்டுள்ளமையே எமது கவலைக்குக் காரணமாகும்.

இத்தகைய சட்டத்தை உலகில் முதன்முதலில் இயற்றிய நாடு கனடா. 1904 ஆம் ஆண்டில் அது இயற்றப்பட்ட வேளையில், அமெரிக்க உருக்குத் தண்டவாளங்கள் கனடாவில் அநியாய மலிவு விலைக்கு விற்கப்படுகின்றன என்ற குற்றச்சாட்டே முன்னணியில் இருந்தது. அன்று குற்றம் சாட்டப்பட்ட உருக்குத் தொழில் எந்த நாட்டுக்குரியதோ, அந்த நாடே இன்று இச்சட்டத்தை மிக அதிகமாகப் பயன்படுத்தும் நாடுகளுள் ஒன்றாக இருப்பது வரலாற்றின் விசித்திரம் எனலாம்.

அமெரிக்க நடைமுறையை அறிந்துகொள்ளச் சீன அலுமினியத் தகடுகள் தொடர்பான வழக்கு நல்லதோர் உதாரணமாகும். வழமையாக, உள்நாட்டு உற்பத்தியாளர் மனுச் செய்த பின்னரே விசாரணை ஆரம்பமாகும். ஆனால் 2017 நவம்பர் 28 ஆம் திகதி, எவரது மனுவுமின்றி அமெரிக்க வர்த்தகத் திணைக்களம் தானாகவே விசாரணையைத் தொடங்கியது. கால் நூற்றாண்டுக்கும் மேலாக அத்திணைக்களம் இவ்வாறு செய்ததில்லை. முந்திய ஆண்டில் சுமார் 60 கோடி டொலர் பெறுமதியான இத்தகடுகள் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்றிருந்தன. கட்டடங்கள் முதல் பார ஊர்திகள், வீதி அடையாளப் பலகைகள் வரை இவை பயன்படுகின்றன.

திணைக்களம் ஆராய்வது விலையையும் மானியத்தையும் மாத்திரமே. உள்நாட்டுத் தொழிலுக்கு உண்மையில் பாதிப்பு ஏற்பட்டதா என்பதைத் தீர்மானிப்பது சர்வதேச வர்த்தக ஆணைக்குழு என்ற வேறொரு அமைப்பாகும். இரண்டும் 'ஆம்' என்றால் மட்டுமே தீர்வை நிலைபெறும். வினாக்கொத்துகள் அனுப்பப்படுகின்றன, கணக்கேடுகள் பரிசோதிக்கப்படுகின்றன, பகிரங்க அமர்வில் இரு தரப்பினரும் வாதிடுகின்றனர். மேற்படி வழக்கில் இவை யாவும் நிறைவுபெற ஓராண்டுக்கும் மேல் சென்றது. 2019 பெப்ரவரியில் தீர்வைகள் உறுதியாயின. விலைக் குறைப்புக்காக சுமார் 50 முதல் 60 சதவீதம் வரையும், மானியத்திற்காக 46 முதல் 116 சதவீதம் வரையும் அவை அமைந்தன.

இந்நடைமுறை குறைபாடற்றது என நாம் கூறவரவில்லை. சீனாவைச் சந்தைப் பொருளாதார நாடாக அமெரிக்கா ஏற்றுக்கொள்ளாததால், சீன நிறுவனத்தின் செலவு அதன் சொந்தக் கணக்கேட்டைக் கொண்டு கணிக்கப்படுவதில்லை. மூன்றாவது நாடொன்றின் விலைகளே அளவுகோலாகின்றன. வினாக்கொத்துக்கு உரிய பதில் அளிக்காத நிறுவனத்துக்கு, கையிலுள்ள தகவல்களுள் மிகப் பாதகமானது பிரயோகிக்கப்படலாம். மூன்று இலக்கத் தீர்வைகள் பெரும்பாலும் பிறப்பது இங்கேதான்.

இவற்றினும் பாரதூரமானது வேறொன்று. தகட்டை உற்பத்தி செய்பவரின் நட்டத்தை அமெரிக்கச் சட்டம் நிறுத்துப் பார்க்கிறது. அத்தகட்டை வாங்கி வேறு பொருள் செய்யும் சிறிய தொழிற்சாலைகளின் நட்டத்தையோ, இறுதியில் விலை கொடுக்கும் பாவனையாளரின் நட்டத்தையோ அது தராசில் இடுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமோ, தீர்வை விதிப்பது ஒன்றியத்தின் பொது நலனுக்கு முரணானதா என்பதையும் வினவுகின்றது.

தீர்வையால் நோய் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. உலகின் அலுமினியத்திலும் உருக்கிலும் பாதிக்கு மேற்பட்ட பங்கைச் சீனாவே உற்பத்தி செய்கின்றது. ஒரு வாசல் மூடப்பட்டால் அப்பொருள் மறு வாசலைத் தேடும். சீனா விட்டுச் சென்ற இடத்தை வேறு நாடுகள் நிரப்பும். 2020 மார்ச்சில் அமெரிக்க உற்பத்தியாளர் அதே தகடு தொடர்பில் 18 நாடுகளுக்கு எதிராக மனுச் செய்தனர். 2021 இல் அவற்றுள் 16 நாடுகள் மீது தீர்வை உறுதியாயிற்று. ஜேர்மனியும் இந்தியாவும் ஓமானும் சேர்பியாவும் ஒரே பட்டியலில் இடம்பிடித்தன.

இத்தனை குறைகள் இருந்தும், விசாரணை என்பது விசாரணையே. குற்றச்சாட்டு எழுத்தில் இருக்கிறது. எண்களை மறுக்க வாய்ப்பிருக்கிறது. 18 நாடுகளுள் இரண்டு தப்ப முடிந்தது. இதனோடு பிந்திய நிகழ்வுகளை ஒப்பிட்டு நோக்க வேண்டும். 2018 இல் தேசிய பாதுகாப்பைக் காரணங்காட்டி உருக்கின் மீது 25 சதவீதமும் அலுமினியத்தின் மீது 10 சதவீதமும் தீர்வையை ஜனாதிபதி ட்ரம்ப் விதித்தார். 2025 ஜூனில் இரண்டும் 50 சதவீதமாக உயர்த்தப்பட்டன. பாதுகாப்பின் பெயரால் விதிக்கப்படும் தீர்வைக்கு, பொருள் அநியாய விலைக்கு விற்கப்பட்டதா என்ற கேள்விக்கே இடமில்லை. நட்பு நாடும் போட்டி நாடும் ஒரே தண்டனைக்கு உள்ளாயின.

2025 ஏப்ரல் 2 ஆம் திகதி எமது நாட்டுக்கு நேர்ந்ததும் இத்தகையதே. இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீதத் தீர்வை என அன்று அறிவிக்கப்பட்டது. எந்தத் தொழிற்சாலையின் கணக்கேடும் பார்க்கப்படவில்லை. எமது தரப்பு விளக்கம் கேட்கப்படவில்லை. இலங்கையுடனான அமெரிக்காவின் வர்த்தகப் பற்றாக்குறை, இலங்கையிலிருந்து அது செய்த இறக்குமதித் தொகையால் வகுக்கப்பட்டு, வந்த விடை பாதியாக்கப்பட்டது. பேச்சுவார்த்தைகளின் பின்னர் அது 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது என்பது உண்மை. ஆனால் அது சலுகையாகக் கிடைத்ததே அன்றி, நியாயமாகக் கிடைத்ததல்ல. வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்ற முதுமொழிக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

முறையிடுவதற்கான மன்றமும் இன்று செயலிழந்து கிடக்கின்றது. 2002 இல் ஜனாதிபதி புஷ் உருக்கின் மீது 30 சதவீதம் வரை தீர்வை விதித்தபோது, உலக வர்த்தக ஸ்தாபனம் அது தவறெனத் தீர்ப்பளித்தது. 2003 டிசம்பரில் அமெரிக்கா அதனை நீக்கியது. 2022 டிசம்பரில் ட்ரம்பின் உலோகத் தீர்வைகளும் விதிமுறைகளுக்கு முரணானவை என அந்த ஸ்தாபனத்தின் விசாரணைக்குழு கூறியபோது, அப்போதைய பைடன் நிர்வாகம் தீர்ப்பை நிராகரித்து மேன்முறையீடு செய்தது. மேன்முறையீட்டுக் குழுவோ, புதிய உறுப்பினர் நியமனங்களை அமெரிக்கா தடுத்து வந்தமையால் 2019 டிசம்பரிலிருந்து இயங்காத நிலையில் இருந்தது.

எனினும், பிறரைக் குறை கூறுவதோடு நாம் அமைதி கொள்ள முடியாது. குவிப்பு விலைக்கும் மானியத்துக்கும் எதிரான விசாரணைச் சட்டத்தை இலங்கை இயற்றியது 2018 ஆம் ஆண்டிலேயாகும். அதற்கு முன்னரும் பின்னரும், உள்ளூர் உற்பத்தியாளருக்குப் பாதுகாப்பு என்றவுடன் எமது ஆட்சியாளர்களின் கை நீண்டது செஸ் போன்ற மேலதிக வரிகளை நோக்கியே. அவ்வரி யாருக்கு நன்மை தந்தது, அதன் சுமை யார் தலையில் விழுந்தது என்பது பகிரங்கமாக ஆராயப்படுவது அரிது. வீடு கட்டும் சாதாரண மனிதன் அதனை விலையோடு விலையாகச் செலுத்திவிட்டுப் போகின்றான்.

சிறிய நாட்டுக்குப் படைபலமோ பணபலமோ இல்லை. விதிமுறையொன்றே அதன் கேடயம். வெளியே விசாரணை கோரும் நாம், வீட்டுக்குள்ளும் விசாரித்தே வரி விதிக்கப் பழக வேண்டும். கணக்காய்வாளரையும் வர்த்தகச் சட்ட வல்லுநரையும் உருவாக்கி, ஏட்டிலுள்ள சட்டத்தை நடைமுறைக்குரியதாக்க வேண்டும். குறைபாடுள்ள விசாரணையைத் திருத்தலாம். விசாரணையே இல்லாத தீர்வையின் முன் இரந்து நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. உரியவர்கள் இதனை உணர்வார்களா?