ஆறு சிலிங் கேட்ட வடக்கு

கௌரவ வடக்கு மாகாண ஆளுநர் அவர்களுக்கு,

மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பிறகு, எதைக் கேட்பதென்றாலும் உங்கள் வாசலுக்குத்தான் வரவேண்டியிருக்கிறது. நான் வந்தது விளையாட்டுப் பயிற்றுவிப்பாளரின் சம்பளம் பற்றிப் பேச.

அதற்கு முன், விளையாட்டுக்குக் கூலி கேட்ட ஒரு பழைய கதை. றக்பி லீக் ஆட்டத்தை யாழ்ப்பாணத்தில் அதிகம் பேர் அறியார். ஆனால் அது பிறந்த கதை எங்களுக்கு விளங்கும். வட இங்கிலாந்தில் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள் சனிக்கிழமை ஆடப்போனால் அன்றைய கூலி இல்லை. அந்தக் கூலியை ஈடுசெய்ய விடுங்கள் என்று கழகங்கள் கேட்டன. காசு கலந்தால் விளையாட்டின் மானம் போய்விடும் என்று றக்பியை நடத்திய லண்டன் பக்கத்து வசதிக்காரர்கள் மறுத்தார்கள். 1895 ஓகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்ட் நகரின் ஜோர்ஜ் ஹோட்டலில் கூடிய வடபுலத்துக் கழகங்கள் அவர்களிடமிருந்து பிரிந்தன. நாளுக்கு ஆறு சிலிங் வரை கொடுக்கலாம் என்றாயிற்று. புதிய அமைப்புக்கு வைத்த பெயர் 'வடக்கு ஒன்றியம்'. பெயரைப் பார்த்தீர்களா!

அதே ஆட்டத்தின் பயிற்றுவிப்பாளரான வெய்ன் பெனட், அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பொலிஸ்காரராக இருந்துகொண்டே கழகங்களைப் பயிற்றுவித்தவர். 1987இல் கன்பரா, அடுத்த வருடம் புதிதாகத் தொடங்கிய பிரிஸ்பேன் புரொங்கோஸ். 1992 தொடக்கம் 2010 வரை அவருடைய அணிகள் வென்ற பட்டங்கள் ஏழு. பயிற்றுவிப்பு ஒரு உத்தியோகமாக இருந்ததால்தான் அவரால் பொலிஸ் உடுப்பைக் கழற்ற முடிந்தது.

எனக்குத் தெரிந்த ஒருவர் இங்கே பகலில் மேசன் வேலை செய்கிறார். பின்னேரம் கையில் சீமெந்து காயுமுன்னே மைதானத்தில் நிற்பார். கொடுப்பனவு சில மாதம் வரும், சில மாதம் வராது. "ஏன் இன்னும் வாறியள்?" என்று கேட்டேன். "பிள்ளையள் வந்து நிக்குதுகள், என்ன செய்யிறது" என்றார். இப்படிப்பட்டவர்களுக்கு நாங்கள் மேடையில் மாலை போடுவோம். மாலைக்குக் கடையில் அரிசி தரமாட்டார்கள்.

யாழ். மத்திய கல்லூரியின் எதிர்வீரசிங்கம் 1958இல் தோக்கியோவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து ஆசியத் தங்கம் கொண்டுவந்தார். புன்னாலைக்கட்டுவன் தர்ஜினி சிவலிங்கம் 2009இலும் 2018இலும் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணம் வென்ற அணிகளில் ஆடினார். மெல்பேர்ண் கழகங்களும் அவரை அழைத்தன. தெல்லிப்பழை மகாஜனாவின் அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தன் தேசிய சாதனையைத் தானே முறியடித்தவர். கோலை எங்கே ஊன்றுவதென்று ஒருவர் வெயிலில் நின்று காட்டாமல் இதெல்லாம் நடக்குமா?

விளையாட்டு உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், தெரியும். அவர்களுக்குக் கூட்டமும் கோவையும் போட்டி ஒழுங்கும் இருக்கின்றன. நான் கேட்பது தினமும் மைதானத்தில் நிற்கும் ஆளை. யாழ் மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள்: யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம். வலயத்துக்கு ஒருவராக, மாதச் சம்பளத்துடன் ஐந்து பேரை நியமித்துத் தொடங்குங்கள். சான்றிதழை மட்டும் பார்க்காமல், மைதானத்தில் கழித்த வருடங்களையும் தகுதியாக எடுங்கள்.

அறிவித்தல் வந்தால் அந்த மேசனுக்கு விண்ணப்பத்தை நானே நிரப்பிக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
மைதானத்து ஓரத்தில் நிற்கும் ஒரு தகப்பன்