செடிக்கும் மூச்சு முட்டும்

(மூன்றாம் ஆண்டு தாவரவியல் மாணவர் ஒருவர்)

செடி வளர என்னென்ன வேண்டும் என்று கேட்டால், மண், நீர், வெளிச்சம் என்று பள்ளிப் பிள்ளையும் விடை சொல்லும். காற்றைச் சொல்பவர் குறைவு. வெட்டவெளியில் அது கேளாமலே கிடைத்துவிடுகிறது. ஆனால் செடியைத் துணிக்கூடாரத்துக்குள் கொண்டுவந்து அடைத்த பிறகு, காற்றும் நாம் கொடுக்க வேண்டிய பொருளாகிவிடுகிறது. இதை நம் கல்லூரி உணர வேண்டும் என்பதே என் கருத்து.

நம் துறை ஆய்வகத்தின் மூலையில் நிற்கும் வளர்ப்புக் கூடாரத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நீளமும் அகலமும் நான்கு நான்கு அடி. உயரம் ஆறு அடி. உள்ளே விளக்கும், குழித்தட்டுகளில் தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளும் இருக்கின்றன. கிராமங்களிலிருந்து வரும் மாணவர்களின் வீட்டுத் தோட்டங்களுக்கு இந்நாற்றுகளைக் கொடுத்தனுப்புவது என்று ஆசிரியப் பெருமக்கள் எடுத்த முடிவு பாராட்டுக்குரியது. ஆனால் சென்ற மழைக்காலத்தில் பாதி நாற்றுகள் தண்டின் அடி அழுகிச் சாய்ந்தன. விதை சரியில்லை என்றனர் சிலர்; தண்ணீர் அதிகம் என்றனர் வேறு சிலர். மாலை 5 மணிக்குச் சிக்கனம் கருதி மெயின் சுவிட்ச் அணைக்கப்படுவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

விளக்கு அணைவதில் குற்றமில்லை. செடிக்கும் இருள் வேண்டும். விளக்கோடு விசிறியும் நின்றுவிடுவதுதான் கேடு. பகலெல்லாம் இலைகள் வெளிவிட்ட நீராவி கூடாரத்துக்குள் தேங்கி நிற்கிறது. விளக்கின் சூடு தணிந்ததும் உள்ளே காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்றில் அவ்வளவு ஈரம் தங்காது. இலைமேல் நீர்த்துளியாக இறங்கிவிடுகிறது. மண்ணும் உலர்வதில்லை. நாற்றழுகலைத் தரும் பித்தியத்துக்கும், இலையில் படரும் சாம்பல் பூஞ்சணத்துக்கும் இதைவிட நல்ல விருந்து வேண்டுமா? தண்ணீர் அதிகம் என்பவர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் அந்த ஈரத்தை ஆற்றுவதும் காற்றுதானே!

பகலிலும் காற்றின் வேலை பெரிது. காற்றில் கரியமில வாயு பத்தாயிரத்தில் நான்கு பங்குக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். மூடிய கூடாரத்தில் செடிகள் அதை விரைவில் குறைத்துவிடும். புதுக்காற்று வராவிட்டால், எவ்வளவு வெளிச்சம் இருந்தும் ஒளிச்சேர்க்கை தளர்ந்துபோகும். இலையை ஒட்டி நிற்கும் அசையாத காற்றுப் படலத்தைக் கலைப்பதற்கும் மெல்லிய காற்றோட்டம் வேண்டும். தண்டுக்கும் அதனால் நன்மை உண்டு. அசைவும் தொடுதலும் செடியைக் குட்டையாகவும் உறுதியாகவும் வளரச் செய்கின்றன. இதனை ஆராய்ந்த மார்க் ஜாஃபே, 1973-இல் அதற்கென ஓர் அறிவியல் பெயரே சூட்டினார். காற்றறியாமல் வளர்ந்த நாற்று, வயலில் முதற்காற்றுக்கே தலை சாய்க்கும்.

விண்வெளியில் நடந்ததையும் கேளுங்கள். 2015-ஆம் ஆண்டு இறுதியில், பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் வளர்த்த ஜின்னியாச் செடிகளில் ஈரம் மிகுந்து பூஞ்சணம் பிடித்தது. எடையற்ற நிலையில் வெப்பக்காற்று தானாக மேலெழாது. விசிறி ஒன்றே கதி. விசிறியின் வேகத்தைக் கூட்டினார்கள். பிறகு செடிகள் வறளத் தொடங்கவே, ஸ்காட் கெல்லி தாமே பார்த்துப் பார்த்து நீர் விட்டார். 2016 ஜனவரியில் பூ மலர்ந்தது. காற்றையும் நீரையும் ஒன்றுக்கொன்று ஈடாக அளக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

"மின் கட்டணத்துக்கு எங்கே போவது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கணக்கையும் பார்ப்போம். 20 வாட் விசிறிகள் இரண்டு, மாலை 5 மணி முதல் காலை 8 மணி வரை 15 மணி நேரம் ஓடினால், செலவு 600 வாட்-மணி. ஒரு யூனிட்டில் பாதிக்குச் சற்று மேல். ஒரு தட்டு நாற்று அழுகினால் போகும் விதையும் உழைப்பும் அதைவிடப் பெரிது அல்லவா? ஆய்வகம் முழுவதும் ஓட வேண்டாம். கூடாரத்துக்கு மட்டும் தனி இணைப்பு இருந்தால் போதும்.

நான் வேண்டுவது மூன்று. மேலே ஒரு விசிறி உள்காற்றை வெளியேற்றட்டும். கீழே ஒரு திறப்பு புதுக்காற்றை உள்ளே விடட்டும். மழைக்காலத்தில் வெளிக்காற்றே ஈரமாக இருக்கும். ஆகவே உள்ளே இன்னொரு விசிறி காற்றைச் சுழற்றட்டும். அது செடியின் முகத்தில் நேராக வீச வேண்டாம். இலைகள் இலேசாக அசைந்தால் போதும். மூன்றாவதாக, இவ்விரண்டும் இரவிலும் ஓடட்டும்.

விளக்குக்குச் செலவிட்ட நாம் விசிறிக்குக் கணக்குப் பார்ப்பது, விருந்துக்கு அழைத்துவிட்டுக் கதவைச் சாத்துவது போலாகும். நம் கூடாரத்திலிருந்து ஒரு நாற்று ஏதோ ஒரு கிராமத்துக் கொல்லையில் வேரூன்றிக் காய்க்க வேண்டுமானால், அதற்கு இங்கேயே மூச்சுவிட இடம் கொடுப்போம். துறைத்தலைவரும் முதல்வரும் இதனைக் கருத்தில் கொள்வார்கள் என்று நம்புகிறேன்.