மண்ணுள் கிடந்த மணிச்சரம்

புதைகுழியில் பொன் கிடைத்தால் உலகம் வியக்கிறது. சிப்பிமணி கிடைத்தால் புறக்கணிக்கிறது. இம்மதிப்பீடு பிழையானது என்பதே என் கருத்து. தென்னமெரிக்காவின் பெரு நாட்டிலுள்ள சிப்பான் கல்லறை இதற்குத் தக்க சான்றாகும்.

பெருவின் வடகடற்கரையில் வாழ்ந்த மோச்சே மக்களின் தலைவர் ஒருவர், கி.பி. 3ஆம் நூற்றாண்டளவில் அங்கு அடக்கம் செய்யப்பட்டார். அக்கல்லறையை 1987ஆம் ஆண்டு வால்ட்டர் ஆல்வா என்னும் தொல்லியல் அறிஞர் அகழ்ந்தார். பொன், வெள்ளி அணிகளோடு, நுண்ணிய சிப்பிமணிகள் கோத்த மார்பணிகளும் கிடைத்தன.

ஆண்டிஸ் பகுதி மக்கள் பெரிதும் போற்றியது செந்நிற முட்சிப்பி. கெச்சுவா மொழியில் அதன் பெயர் முல்லு. பெருவின் கடல் குளிர்ந்த நீரோட்டம் உடையது. முட்சிப்பியோ வடக்கே எக்குவடோரின் வெப்பக் கடலில் வாழ்வது. மூழ்கி எடுத்து, நெடுந்தொலைவு கொணர்ந்து, அறுத்துத் துளையிட்டுத் தேய்த்தே மணியாக்கினர். இன்கா மக்கள் அதனை நீரூற்றுகளுக்குக் காணிக்கையாக்கினர். வெப்ப நீர் தெற்கே பரவும் ஆண்டுகளில் அவ்வறண்ட கரையில் மழை பொழியும். ஆகவே அச்சிப்பி நீருக்கும் வளத்துக்கும் குறியீடாயிற்று என்று அறிஞர் கருதுவர். இறந்தவருடன் வைத்த மணி, வாழ்வோரின் நீர் வேட்கையையும் உரைக்கிறது எனலாம்.

கஃபன் துணியன்றி வேறெதுவும் உடன் செல்லாது என்னும் நெறியில் வந்தவர்கள் நாம். சிப்பான் தலைவருடன் மனிதர் பிறரையும் புதைத்த வழக்கை நாம் போற்ற வேண்டுவதில்லை. எனினும் ஒரு வழக்கை ஏற்பது வேறு. அதனை அறிந்துகொள்வது வேறு. கப்ரை மிதிப்பதும் தகாது என்று கற்ற நமக்கு, கல்லறைக் கொள்ளையின் கொடுமை எளிதில் விளங்கும்.

ஆல்வா வருமுன்னரே, அதே மேட்டின் வேறொரு கல்லறையைக் கொள்ளையர் சூறையாடியிருந்தனர். சிப்பானில் திருடப்பட்ட பொன்னணி ஒன்று 1997இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் கைப்பற்றப்பட்டு, மறு ஆண்டு பெருவுக்குத் திரும்பியது. பொன் திரும்பியது, அது எவருடைய உடல்மீது, எதனருகே கிடந்தது என்னும் செய்தி திரும்பவில்லை. பொன்னை உருக்கினாலும் விலை உண்டு. சிப்பிமணிக்கோ கிடந்த இடமும் கோத்த வரிசையுமே பொருள் தருவன. நூல் மக்கிய பின்னும் மணிகள் வரிசை குலையாதிருந்தால், அவ்வணியை மீண்டும் கோக்கலாம். மண்வெட்டி ஒருமுறை பாய்ந்து சிதறடித்துவிட்டால், பிறகு எவராலும் இயலாது.

சிப்பான் அணிகள் இன்று பெருவின் லம்பாயெக்கே நகர அருங்காட்சியகத்தில் உள்ளன. அங்கே பொன்னுக்கு நிகராக மணிச்சரத்தின் முன்னும் நின்று காண்பவரே அம்மக்களை அறிவார். திருட்டுத் தொல்பொருளை வாங்குபவர் இருக்கும்வரை தோண்டுபவரும் இருப்பர். வாங்குபவரின் கையும் கல்லறையைத் தோண்டிய கையே. இதனை மாணவச் செல்வங்கள் நெஞ்சிற் கொள்வாராக.